சுவரில் ஏறிய கிளாம்புகள்

பலகையும் பலகையும் பசை போட்டு ஒட்டினால் மட்டும் போதாது. பசை காய்கிற வரைக்கும் இரண்டையும் நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்க ஒரு கை வேண்டும். மனிதக் கை அத்தனை நேரம் தாங்காது. அதனால்தான் கிளாம்பு என்று ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். புவனேஸ்வரனிடம் அப்படிப்பட்ட இரும்புக் கைகள் ஏகப்பட்டவை இருந்தன. அவற்றை வைப்பதற்கு ஓர் ஒழுங்கான இடம்தான் இல்லை.

ஜெலுத்தோங்கில் வரிசை வீடு. போர்ச்சில் நிற்க வேண்டிய கார் வருஷக்கணக்காகச் சாலையோரம் வெயிலில் நின்றது. போர்ச்சுக்குள் அவருடைய மரவேலை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வேலைமேசையை அங்கே இழுத்துப் போட்டவர்தான். நீளக் கம்பி கிளாம்புகள் கேட்டுக்குப் பின்னால் சாய்ந்து நின்றன. திருகு வைத்த சின்னவை பெயிண்ட் டின்களில் கிடந்தன. துணிக் கிளிப்புக்கு அண்ணன் முறை வேண்டிய பெரிய பிளாஸ்டிக் கிளிப்புகள் மனைவி ஜெகதீஸ்வரியின் துணிக்கொடியில் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒருமுறை அவள் ஒரு கிளாம்பை அடுப்படியில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் இருந்து எடுத்தாள். அது அங்கே எப்படிப் போனது என்று இருவரும் அரை நாள் சண்டை போட்டார்கள்.

அடுக்கி வையுங்கள் என்று அவளும் சொல்லாத நாளில்லை. தொடாதே ஜெகா, எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று அவரும் சொல்லாத நாளில்லை. அவருக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்.

பசை போடுகிற நாளில்தான் அது வெளிச்சமாகும். பசை இழுத்துக்கொள்வதற்குள் எல்லாவற்றையும் இறுக்கிவிட வேண்டும். வாசலில் இருந்து, "ஜெகா" என்று ஒரு சத்தம் வரும். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடுவாள். பலகையின் அந்தப் பக்கத்தில் ஒரு மர முக்காலி. அதுதான் அவள் இடம். அவர் குனிந்த தலை நிமிராமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார். நீளம் என்பார், அதைவிட நீளம் என்பார், அது இல்லை என்று கத்துவார். அவள் கேட்டுக்குப் பின்னால் ஒன்று, டின்னில் ஒன்று, கொடியில் ஒன்று என்று பறித்துக் கொண்டுவந்து அந்தக் கையில் வைப்பாள். கோணலாகப் பிடிக்காதே என்று அவர் திட்டுவார். உங்கள் கண்தான் கோணல் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். ஒட்டி முடித்தபிறகு இருவர் கையிலும் பசை, இருவர் நெற்றியிலும் வேர்வை. அன்றைக்கு டீ குடிக்கும்போது பேச்சு தானாக வரும். மற்ற நாட்களில் அந்த வீட்டில் பேச்சு என்பது சாப்பாடு ஆச்சா, ம், மழை வரும் போல, ம் என்கிற அளவோடு முடிந்துவிடும். மகள் அதிரா கல்யாணமாகி ஷா ஆலமுக்குப் போனதிலிருந்து அப்படித்தான்.

அந்த வீட்டுக்குள் பிரமிளா வந்தாள்.

அவள் புதியவள் அல்ல. தொழிற்சாலையில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவள். அவர் லைனில் நின்ற காலத்தில் அவள் ஜன்னலுக்கு உள்ளே இருந்து சாமான்கள் எடுத்துக் கொடுப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த வருஷம்தான் வேலையை விட்டாள். தான் இருக்கிற, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலேயே, பத்து காவானில் புதிதாக அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தாள். குடிபோவதற்குள் அதற்கு ஒரு சாமி மேடை வேண்டும், அண்ணன் கையால் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

போர்ச்சைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றுவிட்டாள்.

"அண்ணே, லைன்ல ஒருத்தன் ஒரு ஸ்க்ரூவைக் கீழ விட்டா ஊரையே கூட்டுவீங்க. இது என்ன லா இது?"

அவர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு அல்ல. ஆசிரியரிடம் மாட்டிக்கொண்ட பையன் சிரிப்பது போன்ற சிரிப்பு. டீ போடவா என்று கேட்கக் கதவுக்கு வந்து நின்ற ஜெகதீஸ்வரிக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்த மாத்திரத்திலேயே ஏதோ சுருக்கென்று தைத்தது. இதையேதானே நான் இத்தனை வருஷமாகச் சொன்னேன், எனக்கு ஒருநாளும் இந்தப் பல் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். பிரமிளாவின் டீயில் சீனி கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. வேண்டுமென்றுதான்.

அடுத்த சனிக்கிழமை பிரமிளா ஒட்டுப்பலகையும் மார்க்கர் பேனாவும் பை நிறையத் திருகாணியும் கொண்டுவந்து சேர்ந்தாள். தொழிற்சாலைகளில் ஃபைவ் எஸ் என்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம். அந்தச் சாமானை அங்கே வைத்து அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டு நிழல் மாதிரி வரைந்துவிடுவார்கள். சாமான் இல்லையென்றால் நிழல் மட்டும் தெரியும். எது காணாமல் போனது என்று பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிடும். வேலைக்கு ஆகாத சாமானில் சிவப்பு அட்டை கட்டித் தொங்கவிடுவார்கள். அது அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்று அர்த்தம்.

அன்றைக்கு முழுக்க அண்ணே, அண்ணே என்று ஒரே சத்தம். பெரியது கீழேயா மேலேயா என்று பிரமிளா கேட்க, கனமானது இடுப்புக்குக் கீழே என்று அவர் சொல்ல, நான் சொன்னதைத்தான் நீங்கள் திருப்பிச் சொல்கிறீர்கள் என்று இவள் சிரிக்க, உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்துக்கு வந்த தண்ணீர் எவ்வளவு என்று அவளுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் போய்ப் பார்த்தாள். சுவர் நிறையக் கிளாம்புகள். நீளத்திலிருந்து குட்டை வரை, பள்ளிக்கூடத்தில் உயரவாரியாகப் பிள்ளைகளை நிறுத்தியது போல வரிசை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் கறுப்புக் கோடு. கிளிப்புகள் துணிக்கொடியை விட்டு இறங்கி ஒரு கம்பியில் பறவைக் கூட்டம் மாதிரி உட்கார்ந்திருந்தன. அழகாக இருந்தது. அழகாக இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூலையில் அவளுடைய முக்காலி. அதன் காலில் சிவப்பு அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

பிரமிளாவைக் குற்றம் சொல்ல முடியாது. அது யாருடைய இடம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவர் அந்த முக்காலிக்குப் பக்கத்திலேயே நின்று சுவரை அண்ணாந்து பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது ஜெகா என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு முக்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் போட்டாள். ஏன் எடுக்கிறாய் என்று அவர் கேட்பார் என்று நாலு எட்டு மெதுவாகத்தான் நடந்து பார்த்தாள். கேட்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு நல்லம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். நல்லம்மாளுக்கு யார் வீட்டில் புகை வந்தாலும் முதலில் மூக்கில் ஏறும்.

"உங்க வீட்டுப் போர்ச்சு இப்ப ஹார்ட்வேர் கடை மாதிரி ஆயிருச்சேக்கா. யாரோ ஒரு பொண்ணு வந்து போகுதாமே?"

கூட வேலை பார்த்தவள், தங்கை மாதிரி என்றாள் ஜெகதீஸ்வரி.

"தங்கச்சி மாதிரின்னா நல்லதுதான். எங்க வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு தங்கச்சி கிடைச்சா தேவலாம். அந்தாளு அலமாரியைத் திறந்தா பனியன் வந்து மூஞ்சியில விழுது."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஜெகதீஸ்வரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அது இருந்தாலாவது நாலு வார்த்தை கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம். இது சண்டைக்கு அகப்படாத எரிச்சல். அந்தப் பெண் மேல் பாதி, அந்தச் சுவர் மேல் பாதி. சுவரோடு யார் போய்ச் சண்டை போடுவது?

சுவர் மேல் ஏன் என்றால், அந்த வாரத்தில்தான் அது நடந்தது. அவர் ஒரு சின்னப் பெட்டி ஒட்டினார். பசைப் புட்டி திறக்கிற சத்தம் உள்ளே கேட்டது. அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்படி வாசலில் நின்றாள். இப்போது கூப்பிடுவார். கிளாம்பு இறுகுகிற கிரீச் சத்தம் ஒன்று கேட்டது. இன்னொன்று கேட்டது. பிறகு சீட்டி அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்த்தபோது எல்லாம் முடிந்து, அவர் ஈரத்துணியால் பசையை ஒற்றிக்கொண்டிருந்தார். சுவரில் நாலு நிழல் மட்டும் காலியாக இருந்தது. கையை நீட்டினார், கிளாம்பு அங்கேயே இருந்தது. நடுவில் ஜெகாவுக்கு என்ன வேலை?

அவள் திரும்பிப் போய் அடுப்பைக் கூட்டினாள். குழம்பு அடி பிடித்திருந்தது.

அதற்கப்புறம் அவள் செய்ததைக் கேட்டால் சின்னப்பிள்ளைத்தனம் என்பார்கள். அவர் மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்த சமயம் பார்த்து, நீளக் கிளாம்பில் ஒன்றைச் சுவரிலிருந்து எடுத்து அரிசி கொட்டி வைக்கிற தோம்புக்குப் பின்னால் செருகிவிட்டாள். திரும்பி வந்தவர் மீனைக் கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் இருந்து, "ஜெகா" என்ற சத்தம் வந்தது. தேடித் தருகிற மாதிரி கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு எடுத்துக் கொடுக்கலாம் என்று முகத்தைக்கூடத் தயார் செய்துகொண்டு போனாள்.

"இதுல ஒண்ணு காணோம், பார்த்தியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"பரவாயில்ல விடு. பிரமிளா வரட்டும், அவ கண்டுபிடிச்சிருவா."

அன்று மத்தியானமே அவள் அதை எடுத்து அதன் நிழலில் மாட்டிவிட்டாள். அடடே, இங்கேதான் இருக்கிறது, எனக்குத்தான் கண் தெரியவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். அவரைப் பார்க்கவும் அவளுக்குப் பாவமாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

சாமி மேடைக்கு மேற்பலகை ஒட்டுகிற சனிக்கிழமை வந்தது. மெராந்தி மரத்தில் அகலப் பலகை கிடைக்காது. நாலு பலகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டித்தான் ஒன்றாக்க வேண்டும். அந்த வீட்டில் ஜெகதீஸ்வரியின் சாமிகள் இன்றைக்கும் அதிரா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து மேசை மேல்தான் இருக்கின்றன. செய்து தருகிறேன் என்று அவர் சொன்னது உண்மை. கோயிலுக்குச் செருப்பு வைக்கிற அலமாரி செய்தார். அதிராவுக்குக் கட்டில் செய்தார். தெரு முனையில் இருக்கிற சீனனின் பேரனுக்கு மரக் கார் செய்தார். சாமி மேடை மட்டும் நல்ல மரம் வரட்டும், நல்ல மரம் வரட்டும் என்று தள்ளிப் போனது. நல்ல மரம் இப்போது வந்திருந்தது. பத்து காவானுக்குப் போவதற்காக வந்திருந்தது.

பிரமிளா பலகையின் அந்தப் பக்கத்தில் நின்றாள். முக்காலி இல்லாமல், நின்றபடி. ஜெகதீஸ்வரி ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்து பார்த்தாள். ஏதாவது தப்பாகப் போகட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள். பசை கொட்டட்டும், பலகை வழுக்கட்டும், அவர் ஒரு தடவையாவது கத்தட்டும். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிளாம்பு பலகைக்குக் கீழே, அடுத்தது மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றி இறுக்கினார்கள். அப்படி இறுக்கினால்தான் பலகை ஒரு பக்கமாக வளையாது. நடுப்பலகை ஒன்று லேசாக வளைந்திருந்தது. அதை நடுக் கிளாம்பால் மெல்ல மெல்ல இழுத்து நேராக்கினார்கள். அவர் கையை நீட்டுவதற்கு முன்பே பிரமிளா ஈரத்துணியை நீட்டினாள். ஒரு சத்தமில்லை, ஒரு திட்டு இல்லை. ஸ்டோர் ஜன்னலில் சாமான் வாங்குகிற மாதிரி அத்தனை சுத்தமாக வேலை முடிந்தது.

இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று ஜெகதீஸ்வரி ஒரு பேச்சுக்குச் சொன்னாள். பாலத்தில் வண்டி கூடிவிடும் அக்கா, அப்புறம் சுசா, வீடு போய்ச் சேருவது கஷ்டம் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். போகும்போது பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். தெரு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. ஜெகதீஸ்வரி பாத்திரம் கழுவிவிட்டுப் போர்ச்சுக்கு வந்தாள். எதற்கு வந்தாள் என்று கேட்டால் காய்ந்த துணி எடுக்க என்றுதான் சொல்லியிருப்பாள். துணி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

பலகை கிளாம்புகளுக்கு நடுவே அசையாமல் கிடந்தது. அதன் மேல் கையை வைத்தாள். வழவழவென்று, குளிர்ச்சியாக இருந்தது. இதன் மேல் பிரமிளாவின் முருகன் உட்காருவார். விளக்கு எரியும். புதுவீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், யார் செய்தது என்று கேட்பார்கள். எங்கள் லீடர் அண்ணன் செய்தது, நானும் கூட நின்று பிடித்தேன் என்று அவள் சொல்லுவாள். நானும் கூட நின்று பிடித்தேன். இந்த ஒரு வார்த்தையைத் தாண்டி ஜெகதீஸ்வரியால் போக முடியவில்லை. கை தானாகப் போய் நடுக் கிளாம்பின் பிடியைப் பற்றியது. ஒரு திருகு. இன்னும் ஒரு திருகு.

டிக்கென்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். விரல் நெட்டி முறிகிற மாதிரி. நேராக நின்ற நடுப்பலகை தன் பழைய வளைவுக்குத் திரும்பியது. ஒட்டு வாய் பிளந்தது. நகம் நுழைகிற அளவுக்கு ஒரு கோடு.

ஐயோ, சாமி வைக்கிற பலகை. உடனே பிடியைத் திருப்பி இறுக்கினாள். இறுகியது. இன்னும் இறுக்கினாள். அவள் இறுக்க இறுக்க பலகை நடுவில் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி மேலே எழும்பியது. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் வழுக்கியது. அந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கம் பிளந்தது. இரண்டு பக்கமும் ஓர் ஆளால் ஆகிற வேலை இல்லை இது. அது அவளுக்குத் தெரியாதா என்ன?

"ஏங்க."

உள்ளே குறட்டைச் சத்தம்.

"ஏங்க, இங்க வாங்க. வந்து அந்தப் பக்கம் பிடிங்க."

அவர் கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். பலகையைப் பார்த்தார். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"இது எப்படி விடும்? நானும் பிரமிளாவும் சரியாத்தானே இறுக்கினோம்?"

"நீங்க சரியாத்தான் இறுக்கினீங்க. நான்தான் தளர்த்தினேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தாள். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். அவர் அவளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்கு என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"நீங்க என்னைக் கூப்பிடல."

"எதுக்குக் கூப்பிடணும் ஜெகா? எல்லாம் இப்ப கைக்கெட்டுற இடத்துல இருக்கு. உனக்கும் அலைச்சல் இல்ல. நீதானே வருஷக்கணக்கா அடுக்குங்க அடுக்குங்கன்னு உசிரை வாங்கின?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

"வேலை இல்லன்னா கூப்பிட மாட்டீங்களா?"

பொய்யாக அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாத மனுஷன். குனிந்து அந்தப் பக்கத்துப் பலகையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே, இப்போது என்ன செய்யலாம் சொல் என்றார்.

அவள் சொன்னாள். எல்லாக் கிளாம்பையும் தளர்த்தி அந்த ஒரு ஒட்டை மட்டும் பிரிக்க வேண்டும் என்றாள். வெந்நீர் கொண்டுவந்தாள். பசை அரைகுறையாகத்தான் காய்ந்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு விளிம்பைச் சுரண்டினார்கள். துடைத்தார்கள். ஆறவிட்டு மறுபடி பசை போட்டார்கள். இந்தமுறை அவள் கை பின்னால் நீண்டது. அவர் சுவரிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தார். அவர் தந்த ஒன்று குட்டையாக இருந்தது. அது இல்லை என்று கத்தினாள். கோடு போட்டு வைத்திருந்தும் உங்களுக்குத் தெரியவில்லையே என்றாள். அவர் முறைத்தார். முறைத்துக்கொண்டே சரியானதை எடுத்துக் கொடுத்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. பிரமிளா. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் போல. அவர் இரண்டு கையிலும் பசையோடு மனைவியைப் பார்த்தார். என்ன சொல்லுவது என்று அவர் கண் கேட்டது. அவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

பலகை நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று அந்தப் பக்கம் கேட்டது. ஓர் ஒட்டு விட்டுவிட்டது, மறுபடி ஒட்டுகிறோம் என்றாள் இவள். அது எப்படி என்று கேட்டபோது மறைக்கவில்லை.

"நான்தான் கிளாம்பைத் தளர்த்தினேன், பிரமிளா."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"அக்கா, அது சாமிக்கு வைக்கிற பலகை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? என் மேல என்ன கோபம் உங்களுக்கு?"

"கோபம் இல்ல. பொறாமை."

அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாயில் கசக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் கசக்கவில்லை. பலகையின் அந்தப் பக்கத்தில் நின்ற புவனேஸ்வரன் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் இங்கே இருந்தது.

"நான் என்ன, அண்ணனைத் தூக்கிக்கிட்டா போகப்போறேன்?" என்றாள் பிரமிளா. குரல் உடைந்திருந்தது, கோபத்திலா வருத்தத்திலா என்று தெரியவில்லை.

"தூக்கிட்டுப் போனா திட்டித் தீர்த்திருப்பேன். நீ அடுக்கி வச்சிட்டுல்ல போற."

பிரமிளா மூக்கால் ஒரு மூச்சு விட்டாள். அது சிரிப்பாகவும் இருக்கலாம். சனிக்கிழமை வந்து நானே பார்க்கிறேன் என்று தட்டையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் மட்டும் இரண்டு மூன்று தடவை ஏதோ சொல்ல வந்து, மழை வரும் போல என்று முடித்தார். அவளும் ம் என்றாள்.

சனிக்கிழமை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஜெகதீஸ்வரி அடுப்படிக்குள் போய்விட்டாள். முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வேலை இல்லாத இடத்தில் வேலை உண்டாக்கிக்கொண்டு, தேவையில்லாமல் உளுந்து ஊறப்போட்டாள். ஆனால் பிரமிளா நேரே உள்ளே வந்தாள். வா என்று சொல்லக்கூட அவகாசம் கொடுக்கவில்லை.

"எந்த ஒட்டுன்னு காட்டுங்க."

இருவரும் போர்ச்சுக்குப் போனார்கள். கிளாம்பெல்லாம் கழற்றி, பலகை இழைக்கப்பட்டு வேலைமேசையில் கிடந்தது. பிரமிளா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடி தடவினாள். கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெகதீஸ்வரி இரண்டாவது ஒட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள் பிரமிளா.

"எனக்குத் தெரியும்ல."

"விளக்கு ஏத்தும்போதெல்லாம் உங்களைத்தான் நினைக்கணும் போல. நல்லா மாட்டிவிட்டீங்க லா." சிரிக்காமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு அண்ணனிடம் கால் எத்தனை உயரம் வைக்கலாம் என்று பேசப் போய்விட்டாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. வந்த வேலையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஜெகதீஸ்வரி திரும்ப அடுப்படிக்கு வந்தாள். வெளியே பேச்சு தொடங்கியது. கால் உயரம், கதவு வைப்பதா வேண்டாமா, மணி எங்கே தொங்குவது. பிரமிளா ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். அதே பையன் சிரிப்பு. உள்ளே அதே இடத்தில் அதே சுருக்கு. போய்விட்டது என்று நினைத்திருந்தாள். போகவில்லை. உளுந்தைக் களைந்து தண்ணீரைக் கொட்டினாள். சட்டியை வேகமாகவே வைத்தாள்.

"ஜெகா."

கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அவர் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கையில் பசை இல்லை. பலகையில் பசை இல்லை. சுவரில் ஒவ்வொரு கிளாம்பும் அதனதன் நிழலில் இருந்தது.

"என்ன எடுத்துத் தரணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"பின்ன எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"சும்மாதான். வா."

பிரமிளா பென்சிலால் எதையோ அளந்து குறித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

இன்னொரு ஒட்டைப் பிரித்துவிடுவாளோ என்ற பயத்தில் கூப்பிடுகிறாரா, நிஜமாகவே கூப்பிடுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இரண்டும் இருந்தது போலத்தான் தெரிந்தது. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. இருங்க, வரேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பைக் குறைக்கவில்லை, அணைத்தாள். கையைத் துடைக்காமலே வெளியே வந்தாள்.